ஆற்றில் விடாத பாய்

அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுதச் சொன்ன நாளிலிருந்து, யார் மனமாவது நோகுமோ என்று பயந்துகொண்டே இருக்கிறேன். நொந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா தலவாக்கலைப் பக்கம் நம்முடைய கீழ் லயத்து வரிசை வீட்டில்தான் பிறந்தார். அப்பா தவறிப்போனபோது அவருக்குப் பதினாறு வயது. மறுவாரமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனார். கல்யாணம் பேசி வந்தவர்களிடம், தங்கச்சி பயந்த பிள்ளை, விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவார். எனக்குக் கல்யாணமாகி அதே வரிசையில் அடுத்த காம்பராவுக்குப் போன பிறகும், அக்கா எனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன்.

பிறகு அந்த மழை வந்தது. இப்போதெல்லாம் மழை முன்பு மாதிரியா பெய்கிறது? மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே பகலில் கொட்டுகிறது. அன்று ஆறு ஏறிக் கடைசிக் காம்பராக்களுக்குள் புகுந்தது. பாலத்தடியில் அடைத்திருந்ததை ஆம்பளைகள் இழுத்துப் போட்டார்கள். போத்தல், பிள்ளைகளுக்குக் கட்டுகிற பம்பர்ஸ், உரப்பை எல்லாம் வந்தது. அதைவிட அதிகமாக வந்தது பாயும் தலையணையும் சேலையும். கருமாதி அன்று, போனவர் படுத்த பாயையும் உடுத்த துணியையும் ஆற்றில் விடுவது நம் வழக்கம். அம்மாவின் பாயை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் விட்டோம்.

அக்கா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாம அனுப்புனது எங்கயும் போகலடி. இங்கயே கெடந்து, புள்ளைங்க படுக்குற எடத்துக்குத் தண்ணிய ஏத்தி விட்டிருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறே பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். கரையோரம் புல்லுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று தோட்டத்துத் துரையிடமே போய்க் கேட்டார். மண் சரிகிற இடத்தில் மூங்கிலும் வெட்டிவேரும் வைத்தார். பாறையில் சிவப்புக் கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் கீழ் லயத்தார் கோயிலுக்கு ஏறிவிட வேண்டும் என்றார். கீழே இருக்கும் சிங்கள ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்து, அவர்கள் பாஷையில் "அக்கே" என்று கூப்பிட்டார்கள். மேல் லயத்துச் செல்வி, மகள் வயசுப் பிள்ளை, அவளும் அக்கா என்றாள். என் அக்காவை ஆற்றங்கரை முழுக்க அக்கா என்றது. எனக்கு வயிறெரிந்தது. கூப்பிட்டபோதெல்லாம் அட்டை கடிக்கும், பாறை வழுக்கும் என்று ஏதாவது சொல்லிப் போகாமல் இருந்தேன். "விடுங்கடி, இவ வந்தா ஆறே பயந்து ஓடிரும்" என்று சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அதுவும் எரியும்.

நோயில் விழுந்த பிறகு நான்தான் பார்த்தேன். கஞ்சி ஊட்டும்போது, இனியாவது எனக்கு மட்டும் என்று நினைத்தேன். அப்போதும் செல்வி தினமும் வந்து, என் காதில் விழாமல் அவரோடு பேசிவிட்டுப் போவாள்.

கருமாதி அன்று பாயையும் துணியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நான் ஆற்றில் இறங்கினேன். விடாவிட்டால் அக்காவின் ஆத்மா அலையுமோ என்ற பயம் ஒரு பக்கம். கடைசிக் காரியமாவது என் கையால் நடக்கட்டும் என்ற பிடிவாதம் ஒரு பக்கம். செல்வி கரையில் அழுதுகொண்டு நின்றாள்.

"என்னடி, அக்கா ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா?" என்று கேட்டேன்.

"ஆத்துல விடக் கூடாதுன்னாங்க, சின்னக்கா."

"கூடப் பொறந்தவ நான் இருக்கேன். ஒங்கிட்டயா சொன்னாங்க?"

"ஒங்ககிட்ட சொன்னா சோறு தண்ணி எறங்காம கெடப்பீங்களாம். 'அவ மூட்டையோட எறங்குவா, நீ தடுக்காத. பாலத்தப் பாத்தான்னா அவளே திரும்பிருவா'ன்னாங்க."

பாலத்தைப் பார்த்தேன். அம்மாவின் பாயும் அங்கேதானே அடைத்துக் கிடந்திருக்கும். காரியத்துக்கு வந்திருந்த தாய்மாமா, வழக்கத்தை மீறாதே என்று கரையிலிருந்து ஏசினார். நான் மூட்டையோடு ஏறிவிட்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் வாகனம் தந்தவர்களுக்கும், மருந்து வாங்கி வந்தவர்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், சோறாக்கித் தந்த கீழ் ஊர்ச் சிங்களக் குடும்பங்களுக்கும், ஞாயிறு தவறாமல் ஆற்றில் இறங்குகிற பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இப்போது நானும் இறங்குகிறேன், பயந்துகொண்டுதான். மழை இருட்டினால் முதலில் போய்ச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பது நான்தான்.

செல்வி ஞாபகத்துக்கு ஒரு சேலை கேட்டாள். நீலச் சேலையைக் கொடுத்துவிட்டேன். பாயை மட்டும் யாரும் கேட்காதீர்கள். அதில் நான் படுக்கிறேன்.