பகிடிக்குச் சொன்னது

வாய்ப்பன் பொரிகிற எண்ணெயின் இனித்த மணமும், வெயிலில் சைக்கிள் உழக்கி வந்த ஆண்களின் வியர்வை மணமும், பழைய ரீவிப் பெட்டி சூடேறும்போது எழுகிற கருகல் மணமும் கலந்ததுதான் சண்டிலிப்பாயில் அப்பா வைத்திருந்த "தேத்தண்ணிக் கடை". போர்நிறுத்தம் வந்து, மூடிக்கிடந்த பாதை திறந்து, கொழும்புக்குப் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலம் அது. அப்பா யாரிடமோ ஒரு ரீவியை வாங்கிவந்து கண்ணாடி அலுமாரிக்கு மேல் வைத்தார். அன்றிலிருந்து பின்னேரங்களில் கடையிலிருந்த இரண்டு "வாங்கு"களிலும் இருக்க இடம் கிடைக்காது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடித்து வைத்த கிளாசுகளைப் பொறுக்கிக் கழுவப் போடுவது என் வேலை என்பதால், அங்கே கதைத்தவையெல்லாம் என் காதில் விழுந்தன. அந்த ஆண்களுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. சமாதானப் பேச்சு எத்தனை மாதத்தில் குழம்பும், எந்த அமைச்சர் பொய்யர், எந்த நடிகருக்கு வயது போய்விட்டது, எந்த நடிகைக்கு இடுப்புப் பெருத்துவிட்டது, "பெட்டையள்" ஸ்கூட்டர் ஓடினால் சந்தியில் என்ன நடக்கும் என்று ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போவார்கள். அடுத்த நாள் அதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். நேற்று வேறு மாதிரிச் சொன்னீர்களே என்று ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை.

அவர்களில் வாய் பெரிய ஆள் தபால் மாமா. தபால் கந்தோரில் வேலை பார்த்ததால் வந்த பெயர். அவர் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காகவே அவர் இன்னும் சொல்வார்.

என் அக்கா மாலினிக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் இருந்தாள். வளவிலிருந்த பூவரச மரத்தில் ஒரு பழைய சைக்கிள் றிம்மைக் கட்டி, பொழுது படும்வரை பந்தெறிந்து பழகுவாள். அந்த வருடம் கொழும்பில் நடக்கவிருந்த போட்டிக்கு அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் எதற்கும் தெரிவு செய்யப்பட்டதில்லை. விளையாட்டு ரீச்சர் தந்துவிட்ட சம்மதக் கடிதத்தை அப்பா இரண்டு முறை வாசித்தார். பின்னேரம் கையெழுத்து வைத்துத் தருவதாகச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனார். வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அவருக்கு.

காட்டவும் செய்தார். அந்த நேரம் ரீவியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குட்டைப் பாவாடையோடு ஒரு நடிகை மழையில் ஆட, வாங்குகளில் இருந்தவர்கள் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபால் மாமா ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அப்ப சிவம், உன்ரை மூத்தவளும் உப்பிடித்தான் தொடை தெரியக் கொழும்பிலை நிண்டு துள்ளப்போறாள் எண்டு சொல்லு."

கடையே சிரித்தது. வேறொருவர், "பிறகு மாப்பிள்ளையும் அங்கையே பாத்திட வேண்டியதுதான்" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. கையில் கிளாசுகளோடு நின்ற நானும் சிரித்தேன். என்ன விளங்கிச் சிரித்தேன் என்று தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அப்பா சிரிக்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அவர் கையெழுத்து வைக்கவில்லை என்று தெரிந்ததும் அக்கா என்னைக் கேட்டுக் கடையில் நடந்ததை அறிந்துகொண்டாள். அடுத்த நாள் பின்னேரம் கடைக்கே வந்துவிட்டாள். குமர்ப்பிள்ளைகள் அந்த நேரத்தில் கடைப் பக்கம் வருவதில்லை. பள்ளிக்கூடச் சீருடையோடு வாசலில் வந்து நின்று, "அப்பா, கடிதத்தைத் தாங்கோ. ரீச்சர் கேக்கிறா" என்றாள்.

"வீட்டை போ பிள்ளை. அங்கை கதைப்பம்."

"இல்லை. இங்கைதானே கதைச்சவை. இங்கையே கதைப்பம்." அவள் வாங்குப் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு நாளும் ரீவியிலை உந்த ஆட்டத்தைத்தானே வாயைப் பிளந்து பாக்கிறியள், மாமா. அது கூடாதெண்டா ரீவியை நிப்பாட்டச் சொல்லுங்கோவன். ஏன் என்ரை விளையாட்டை நிப்பாட்டுறியள்?"

தபால் மாமா, "பாத்தியே சிவம், இப்பவே வாய் இவ்வளவு நீளம்" என்றார். அப்பா அடுப்படியிலிருந்து வந்து, எல்லோருக்கும் முன்னால், அக்காவின் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் அவர் எங்களை அடித்ததே இல்லை.

அக்கா அழவில்லை. வீட்டுக்குப் போய் மரத்திலிருந்த றிம்மைக் கழற்றி வேலியோரம் எறிந்தாள். அணி அவள் இல்லாமலே கொழும்புக்குப் போய்வந்தது. அதன் பிறகு அவள் பந்தைத் தொட்டதை நான் காணவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "நாலு பேர் வந்து போற கடை பிள்ளை. நான் என்ன செய்யிறது?" என்றார். அந்த நாலு பேருக்கும் அது ஒரு பின்னேரப் பொழுதுபோக்கு. அவர்கள் சொன்னது தனக்கும் சரியென்று பட்டு அப்பா மறித்திருந்தால், அவரோடு சண்டையாவது பிடித்திருக்கலாம். அவர்களே நம்பாத ஒரு கதைக்குப் பயந்து மகளை மறித்துவிட்டார்.

அப்பா இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். போன மாதம் அதன் வாசலில் தபால் மாமா என்னைக் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிவிட்டார். கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். காற்சட்டையும் சேறு படிந்த சப்பாத்துமாக ஒரு பிள்ளை உதைபந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ரை பேத்தி. மாகாண அணியிலை விளையாடுறாள். நாங்கள் அந்தக் காலத்திலையே பெட்டையளை விளையாட விடவேணும் எண்டு சொன்ன ஆக்களெல்லே."

"மாலினி அக்காவை ஞாபகமிருக்கோ, மாமா?"

"ஏன், உங்கடை அக்காவும் விளையாடினவளே?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். அவர், "நான் பகிடிக்குச் சொல்லியிருப்பன், பிள்ளை" என்றார்.

"அக்காவுக்கு அது பகிடியா இருக்கேல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கடை போய்விட்டது, வாங்குகள் போய்விட்டன, அங்கே சிரித்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருக்கிறவர்களின் தலையிலிருந்து அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, தெல்லிப்பழையில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை எந்த இடத்திலை நிண்டு விளையாடுறவள்? முன்னுக்கோ, பின்னுக்கோ?" என்றாள்.

எனக்குத் தெரியாது. இருந்த கோபத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் வந்துவிட்டேன்.

"கேட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. "எங்கை, எப்ப விளையாட்டு எண்டும் கேள். நான் போய்ப் பாக்கவேணும்."