நூற்றிருபதைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும்

காலை 9.00, அல் குபைபா பேருந்து நிலையம், பர் துபாய். அல் ஐன் போகும் பேருந்தில் முன் இருக்கைகள் பெண்களுக்கு. நான் அங்கே உட்கார்ந்தேன், அண்ணன் கார்த்தி பின்னால் போனான். கட்டணம் ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹம், நோல் என்ற பயண அட்டையில்தான் கழியும். காசை நீட்டினால் ஓட்டுநர் வேண்டாமென்று தலையாட்டிவிடுவார். தூரம் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர்.

அண்ணனிடம் கார் இருக்கிறது. அதை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் போனதற்குக் காரணம், திரும்பும்போது என் காரில் வருவோம் என்ற நம்பிக்கை. பதினேழு வயதான ஜப்பானியக் கார். இரண்டே இருக்கை, துணிக்கூரை, கையால் கியர் போடும் வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நடந்ததில் அந்தக் கம்பெனிக்குப் பங்கில்லை. பள்ளிக்கூடப் பேருந்தின் ஜன்னலிலிருந்து முதன்முதலாக அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு கார் பிடித்ததில்லை. இயந்திரப் பொறியியல் படித்ததற்குக்கூட அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வாள்.

வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இந்தக் கார் தேறினால் எடுத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் அண்ணனின் வெள்ளை செடான் எனக்கு. அவன் பெரிய வண்டிக்கு மாறப்போகிறான். அந்த செடானைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: நூற்றிருபதைத் தாண்டினால் டிங், டிங் என்று மணி அடிக்கும். அடித்ததும் அண்ணன் காலை எடுத்துவிடுவான். மூன்றாவது டிங் வரை அவன் போனதை நான் பார்த்ததே இல்லை.

காலை 11.20, அல் ஐன். ஆகஸ்ட் மாதம், வெளியே நாற்பத்தாறு டிகிரி. பேருந்து நிலையத்திலிருந்து சனாயியாவுக்கு டாக்சி, பதினெட்டு திர்ஹம். சனாயியா என்றால் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் அடைத்துக்கொண்டிருக்கும் பகுதி. நம் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளை இழுத்து அகலப்படுத்திப் பாலைவனத்தில் வைத்ததுபோல இருக்கும். எங்கே போக வேண்டும் என்று டாக்சிக்காரரிடம் நான் இந்தியில் சொன்னேன். அவர் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்து, “கஹான், பாய்?” என்று அவனிடம் இடம் கேட்டார். அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதற்கு அதுவே அறிவிப்பு. நான்தான் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்ற பாஸ்கர் இரண்டு மணிக்கு வந்தார். சென்னைக்காரர், ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் சூப்பர்வைசர். பக்கத்தொழிலாகப் பழைய கார் வாங்கி விற்கிறார். நடுவிலிருந்த இரண்டு மணி நேரத்தை ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன்குழம்போடு கழித்தோம். நம்ம ஊர் ஆள், தமிழர், ஏமாற்ற மாட்டார் என்று நான் மூன்று தடவை சொன்னதாக அண்ணன் இப்போதும் எண்ணிக் காட்டுகிறான். அதை மறுக்க எனக்கு வழியில்லை.

மதியம் 2.10. தகரக் கொட்டகை நிழலில் கார் நின்றது. சிவப்பு நிறம். முதல் பார்வையில் எனக்குப் பேச்சு வரவில்லை என்பதை மறைக்கப்போவதில்லை.

பாஸ்கருக்கு நிறையவே வந்தது, எல்லாம் அண்ணனிடம். டைமிங் செயின் சத்தம் பற்றி நான் கேட்டேன். பதில் அண்ணனுக்குப் போனது. கிளட்ச் எப்போது மாற்றினீர்கள் என்றேன்; “சார், கிளட்ச் புதுசு சார்” என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். கிளட்ச் எந்தப் பக்கம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவனும் ஒரு கேள்வி கேட்டான்: “ஏனுங்க, பகல்லயே லைட் எரியுதே, அணைக்க மறந்துட்டீங்களா?”

“சேஃப்டிக்கு நானே போட்டு வெச்சது சார்.”

எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து லைட்டைப் பற்றியா கேட்பது என்று அண்ணனை முறைத்தேன். அந்த முறைப்பைப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

துணியை விரித்துப் படுத்து, காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு. சும்மா தூசிபோலப் படிந்த துரு இல்லை. குறுக்குச் சட்டத்திலும் சஸ்பென்ஷன் கைகளிலும் பொருக்குப் பொருக்காகப் பிடித்திருந்தது. கடலே இல்லாத அல் ஐனில் இது எப்படி என்று கேட்டேன். பாஸ்கர் என் கால்களைத் தாண்டி நடந்து அண்ணனிடம் விளக்கினார்: முதல் ஓனர் சவூதியில், யான்புவில், சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவராம். செங்கடல் ஓரம். உப்புக்காற்று. மற்றபடி ஒரிஜினல் ஜிசிசி வண்டி.

ஜிசிசி என்பது இங்கே பழைய கார் வாங்குபவர்களின் மந்திரச் சொல். வளைகுடா நாடுகளுக்கென்றே செய்து அனுப்பப்பட்ட கார் என்று பொருள்: இந்த வெயிலுக்கு ஏற்ற ரேடியேட்டர், பலமான ஏசி. மற்றவை வேறு நாட்டில் ஓடியவை. அவற்றில் பல அங்கே இடித்து நொறுங்கி, காப்பீட்டுக் கம்பெனியே கைகழுவிய பிறகு கப்பலேறி, இங்கே பெயின்ட் பூசிக்கொண்டு நிற்பவை. பதிவு அட்டையில் இந்த வித்தியாசம் தெரியாது. ஜப்பான் என்றுதான் இருக்கும். பாஸ்கர் கேட்ட விலை முப்பத்தோராயிரம் திர்ஹம். ஜிசிசி என்றால் நியாயம்.

யான்பு, கடல், உப்பு, துரு. கணக்கு சரியாக வந்தது. அப்பாவின் நண்பர் ஒருவர் அங்கே இருந்தவர். வீட்டு ஜன்னல் கம்பிகளே அரித்துப்போகும் என்பார். நான் நம்பினேன். தெரிந்தவள் என்ற திமிரில் நம்பினேன். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

மதியம் 3.00. ஓட்டிப் பார்க்கும் படலம். பாஸ்கர் சாவியை அண்ணன் கையில் வைத்தார். அண்ணனின் உரிமத்தில் ‘ஆட்டோமேட்டிக் மட்டும்’ என்று இருக்கிறது. மேனுவல் உரிமம் எனக்குத்தான், அதுவும் முதல் தடவையிலேயே தேறியது. சாவி என் கைக்கு வந்தபோது பாஸ்கரின் முகம், குழந்தையிடம் கண்ணாடி டம்ளரைக் கொடுத்த முகமாக இருந்தது. இரண்டே இருக்கை என்பதால் அவர் கூட வர முடியாது. ஈடாக எமிரேட்ஸ் ஐடி கேட்டார். என்னுடையதை நீட்டினேன். “சார், உங்களோடது குடுங்க” என்றார் அண்ணனிடம். ஓட்டப்போவது நான், வாங்கப்போவது நான், பணம் என் இரண்டு வருடச் சம்பளத்திலிருந்து. அடையாள அட்டை மட்டும் சாரோடது.

முதலில் ஜெபல் ஹஃபீத். மலைப்பாதை பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அறுபது வளைவுகள். இந்த நாட்டில் சாலைகளை அடிக்கோல் வைத்து வரைவார்கள். இதை மட்டும் யாரோ கையால் வரைந்திருக்கிறார்கள். மூன்றாவது கியரில் அந்த வளைவுகளுக்குள் கார் போன விதத்தை எழுதினால் கோபம் ஆறிவிடும், அதனால் சுருக்கமாக: ஸ்டியரிங் சாலையை என் உள்ளங்கையில் படித்துக் காட்டியது. அண்ணன்கூட எட்டாவது வளைவில் கைப்பிடியை விட்டுவிட்டான். ஏழாவது கிலோமீட்டரில் வெப்பமானி முள் பாதியைத் தாண்டியது. ஏசியை அணைத்தேன். ஆகஸ்ட் மாதம், ஏற்றம், வயதான கார் என்று நானே அதற்காக வாதாடினேன். அண்ணன் சட்டையைப் பிழிந்தான்.

இறங்கி, துபாய் சாலையைப் பிடித்தோம். அல் ஐன் இருக்கும் அபுதாபி எமிரேட்டில் வேகக் கேமராக்கள் துபாய்போல இருபது கிலோமீட்டர் சலுகையெல்லாம் தருவதில்லை. போர்டில் என்ன எண்ணோ அதுதான். அங்கே அது நூற்று நாற்பது, நான் மீறவில்லை. ஐந்தாவது கியர், நூற்றுப் பத்து, நூற்றிருபது, நூற்று இருபத்தெட்டு. என்ன அமைதி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

“ஏம்மா, உன்ற வண்டி மணியே அடிக்கல?” என்றான் அண்ணன்.

சிரிப்பு நின்றது. வளைகுடாவுக்கென்று செய்த அந்தக் காலத்துக் கார்களில் நூற்றிருபதைத் தாண்டினால் மணி அடிக்கும். இந்த மாடலிலும் உண்டு. அதைப் பற்றி நானே ஒரு இணையக் குழுவில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். யாராவது பிடுங்கியிருப்பார்கள் என்றேன். என் குரலிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

மாலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. அண்ணன் தன் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கினான். அதில் ஏர்பேக் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அவனுக்குப் பொழுதுபோகவில்லை, எழுத்துக்கூட்டிப் படித்தான். “மேல இங்கிலீசு. கீழ என்னமோ இங்கிலீசாட்டமே இருக்கு, ஆனா ஒண்ணும் வெளங்கல.”

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். பிரெஞ்சு. அரபி ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து ஒட்டும் நாடு, கிலோமீட்டரில் வேகம் காட்டும் நாடு, பகலிலும் முன்விளக்கு எரிந்தாக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் நாடு: கனடா. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள், பனி உருக. காருக்கடியில் நான் பார்த்த துரு அது. யான்புவும் இல்லை, செங்கடலும் இல்லை. நாற்பது நிமிடம் மண்ணில் புரண்டு பார்த்த பொறியாளருக்குத் தெரியாதது, தலைக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தது. கொட்டகை நிழலில் மறைப்பை இறக்க எனக்குத் தோன்றவில்லை.

மாலை 4.40, மீண்டும் சனாயியா. மணி அடிக்கவில்லை என்று பாஸ்கரிடம் சொன்னேன். மணியைத் தானே கட் பண்ணிவிட்டதாக அண்ணனிடம் சொன்னார். பிரெஞ்சைப் பற்றிக் கேட்டேன். வெயில் மறைப்பு உடைந்துபோய் வேறு வண்டியிலிருந்து மாற்றியதாம். பகல் விளக்கு? அதுதான் ஏற்கெனவே சொன்னேனே சார். ஒரு பொய்க்கு ஒரு உதிரிபாகம் என்று கையிருப்பு வைத்திருந்தார். கடைசியில் அண்ணனின் தோளில் கை போட்டார்.

“சார், நீங்க சொல்லுங்க. இருபத்தேழு. ரிஜிஸ்ட்ரேஷன் சென்டர் மூடறதுக்குள்ள பேர் மாத்திடலாம். சிஸ்டர் சின்னப் பொண்ணு, கொஞ்சம் டென்ஷன் ஆயிட்டாங்க.”

அண்ணன் அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டான். “ஏனுங்க, எனக்கு கியர் போடவே தெரியாதுங்க. மத்தியானத்துல இருந்து எங்கிட்டயே பேசிட்டு நிக்கறீங்க. வாங்கறது அவங்க.”

இருபத்தேழாயிரம். எனக்கு ஆசை இல்லாமலில்லை. மலையின் அந்த வளைவுகள் இன்னும் கைகளில் இருந்தன. பெரிய ரேடியேட்டர் போடலாம், துருவைச் சுரண்டலாம். கனடாக் கார் என்பது குற்றமில்லை. அது ஏன் கப்பலேறியது என்று தெரியாமல், ஏர்பேக் உள்ளே இருக்கிறதா வெறும் மூடியா என்று தெரியாமல் அதில் உட்காருவதுதான் பிரச்சினை. அதனால் கேட்டேன்: “இது எங்க இருந்து, என்ன நெலமைல வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே வாங்கிக்கறேன்.”

பாஸ்கர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் எழுதித் தர முடியாது, சிஸ்டர்.”

அன்று முழுவதிலும் அவர் என்னிடம் நேராகச் சொன்ன ஒரே வாக்கியம். அவர் சொன்னவற்றில் உண்மையானதும் அது ஒன்றுதான். சாவியை பானெட்டின் மேல் வைத்தேன். அண்ணனின் ஐடியை வாங்கி அவன் பையில் போட்டேன்.

இரவு 8.15, அல் குபைபா. பேருந்தில் வரும் வழியெல்லாம் கோபம் யார்மேல் என்று எனக்கே புரியவில்லை. பொய் சொன்னவர்மேலா, என்னிடம் பொய் சொல்லக்கூட மதிக்காமல் அண்ணனிடம் சொன்னதன்மேலா? கோயம்புத்தூரில் வாங்கியிருந்தால் மட்டும் என்ன? மாமா, சித்தப்பா, தெரிந்த மெக்கானிக் என்று நான்கு பேர் கூட வந்து ஆளுக்கொரு குறை சொல்லியிருப்பார்கள், அதனால் ஏமாந்திருக்க மாட்டேன். என்னிடம் யாரும் பேசியிருக்கவும் மாட்டார்கள். இரண்டு ஊருக்கும் இந்த விஷயத்தில் தூரம் குறைவு. இறங்கும்போது அண்ணன், “போச்சாது உடு, மறைப்பைப் பாத்தது நான்தானே” என்றான். அதை அவன் இனி விடப்போவதில்லை.

ஒப்பந்தப்படி வெள்ளை செடான் என்னிடம் வந்துவிட்டது. அண்ணன் பெரிய வண்டிக்கு மாறினாலும், கியர் போடத் தெரியாத ஆலோசகராக என்னோடு வருகிறான். போன சனிக்கிழமை அதே சாலையில், அதே மாடலில் இன்னொரு காரைப் பார்க்க அல் ஐனுக்குப் போனோம். விற்பவரிடம் தொலைபேசியில் நான் கேட்ட முதல் கேள்வி வெயில் மறைப்பைப் பற்றி. செடான் நூற்றிருபதைத் தாண்டியது. டிங். பக்கத்தில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். டிங். காலை எடு என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். “அடிக்குது பாரு” என்றான் திருப்தியாக.

அடிக்கட்டும் என்று விட்டேன்.