கடல் திருப்பிக் கொடுத்த சட்டை

பம்பாயில் ஒரு பெரிய கொட்டகைக்குள் எங்களை விட்டார்கள். கடலில் விழுந்த விமானத்திலிருந்து மீட்ட பொருள்களைத் தார்ப்பாயில் பரப்பியிருந்தார்கள். துபாய் வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் அந்த விமானத்தில்தான் போனார். உடம்புதான் கிடைக்கவில்லை, அவர் செருப்பாவது கிடைக்காதா என்று எல்லாவற்றையும் புரட்டினேன். ஒன்றும் இல்லை.

சங்ககிரிப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தது. ஒல்லியாக, கறுப்பாக, என் வயதுதான் இருப்பாள். அவள் புருஷன் உடம்பும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அன்று போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை கிடைத்துவிட்டது. அதன் காலர் பொத்தானை அவளே மஞ்சள் நூலில் தைத்திருந்தாளாம்.

திரும்பும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து, அந்தச் சட்டையை எடுத்து எடுத்து மோந்து பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"உங்களுக்குச் சட்டையாச்சும் கெடச்சுதுங்க" என்றேன்.

அவள் என் நெற்றிப் பொட்டையே பார்த்தாள்.

"ஆமாங்க. இனி அவரு வரமாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க. உங்களுக்கு ஒண்ணும் கெடைக்கலீங்களே, எங்கியாச்சும் கரையேறியிருப்பாருன்னு நெனச்சுக்கலாம். குடுத்து வெச்சவங்க நீங்க."

அவள் குரலிலும் அதே எரிச்சல்தான் இருந்தது. சேலத்தில் நான் இறங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பல வருஷம், அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் ஏதாவது வண்டி வந்து நின்றால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன். அந்தப் பெண் பொறாமைப்பட்டது இதற்குத்தானா?