பிறிட்ஜுக்குள் கேட்ட பிற்பாட்டு

1. வெறுமையான பக்கம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். மயிலிட்டியில் கருவாடு காயப்போடும் அம்மா, 'டொக்டர்' என்று எழுதிய என் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாமலே விரலால் தடவிப் பார்த்தவர். அதனாலோ என்னவோ, நான் எழுதுவதில் பிழை வராது என்ற வீம்பு எனக்கு உண்டு.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் சேர்ந்த இரண்டாம் வருடம், பெரிய டொக்டர் ஒரு வேலை தந்தார்.

"எங்களிட்டை இம்பிளான்ட் வைச்ச ஆக்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பாரும். ஒற்றைக் கிரவுன் நல்லா நிக்குதோ, பிறிட்ஜ் நல்லா நிக்குதோ எண்டு எழுதும். மாதக் கூட்டத்திலை நீர்தான் கதைக்கவேணும்."

வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் இறக்கும் உலோகத் தண்டுதான் இம்பிளான்ட். ஒன்றின் மேல் ஒரு பல் நின்றால் அது ஒற்றைக் கிரவுன். முன்னும் பின்னும் இரண்டு இம்பிளான்ட் தாங்க, நடுவில் வேரில்லாத பல்லையும் சேர்த்து மூன்று பல் ஒரே துண்டாக நின்றால் அது பிறிட்ஜ்.

கொப்பியில் இடப்பக்கம் கிரவுனுக்கு, வலப்பக்கம் பிறிட்ஜுக்கு. இடப்பக்கம் சீக்கிரம் நிறைந்தது. பல்லை இம்பிளான்டோடு பிடிக்கும் ஸ்குறூ தளர்ந்துவிட்டது, பல் ஆடுகிறது, சாப்பாடு சிக்குகிறது. வலப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது. பிறிட்ஜ்தான் மேல் என்று முடிவுரையைக்கூட எழுதிவிட்டேன்.

2. தம்பி

குருநகரிலிருந்து மரியதாஸ் அண்ணாவியார் வந்தார். நாட்டுக்கூத்துப் பழக்குபவர். கீழ்த்தாடையில் இடப்பக்கம் பிறிட்ஜ்.

"நோ இருக்கோ ஐயா?"

"நோ ஒண்டுமில்லைப் பிள்ளை. ஆனா நான் பாட்டை இழுத்து நிப்பாட்டேக்கை, பின்னாலை இன்னொருத்தன் இழுக்கிறான்."

"ஆர்?"

"என்ரை தம்பி. எனக்கு இடப்பக்கம் நிண்டு பிற்பாட்டுப் பாடுறவன். கடலுக்குப் போனவன், வரேல்லை."

கூத்தில் முன்னே நிற்பவர் பாடி முடித்த அடியைப் பின்னே நிற்பவர்கள் வாங்கிப் பாடுவதுதான் பிற்பாட்டு. அதைத்தான் அவர் தன் வாய்க்குள் கேட்டார்.

வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் பிறிட்ஜைத் தட்டினேன். பிடித்து அசைத்தேன். கல்லுப்போல இருந்தது. பழைய எக்ஸ்றே நன்றாக இருந்ததால் புதிதாக எடுக்கவில்லை. 'நன்று' என்று எழுதினேன்.

அவர் போனதும் உதவியாளர் சுகந்தி அக்கா கேட்டார்: "டொக்டர், பேயை எந்தப் பக்கத்திலை எழுதப்போறியள்? கிரவுன் பக்கமோ, பிறிட்ஜ் பக்கமோ?"

இருவரும் சிரித்தோம்.

3. விரலின் கீழே

சில கிழமைகளில் அவர் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார்.

"பாட்டை விட்டிட்டன் பிள்ளை. தவக்காலக் கூத்தை வேறை ஆளிட்டைக் குடுத்திட்டன். தம்பி என்னைக் கூப்பிடுறான். மறுமொழி சொல்லப் பயமாக் கிடக்கு."

அறுபது வருடம் பாடிய மனிதர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப பாடுங்கோ ஐயா. நான் பிடிச்சுப் பாக்கிறன்."

சுகந்தி அக்கா எச்சில் உறிஞ்சும் மெஷினை நிறுத்தினார். நல்ல வெயில் நேரம். ஆனாலும் அறை சட்டென்று குளிர்ந்ததுபோல் இருந்தது. அவர் வாயைத் திறந்தபடி 'ஆ' என்று இழுத்தார். என் விரல் முன் இம்பிளான்டின் மேல் இருந்தது. அசைவே இல்லை. பின்னதற்கு நகர்த்தினேன். அவர் இழுத்து நிறுத்தினார்.

நிறுத்திய பிறகும் என் விரலின் கீழே ஏதோ ஒருகணம் நடுங்கி ஓய்ந்தது.

"கேட்டுதோ?" என்றார் அவர்.

உடனே எக்ஸ்றே எடுத்தேன். பின் இம்பிளான்டைச் சுற்றி மயிர் அளவுக்குக் கறுப்புக் கோடு; எலும்பு விலகிய இடைவெளி. பின் ஸ்குறூவைத் திருப்பினேன். ஸ்குறூ தனியே சுழலவில்லை. அதனோடு இம்பிளான்டும் தாடைக்குள் சுழன்றது.

"நோகுதோ?"

"இல்லையே. தொடங்கீட்டியளோ?"

முன் ஸ்குறூவை மட்டும் கழற்றி பிறிட்ஜைத் தூக்கினேன். பின் இம்பிளான்ட் அதில் தொங்கிக்கொண்டே வந்தது, சேற்றில் குத்திய கம்பைப்போல. எலும்பு அதை எப்போதோ கைவிட்டிருந்தது. முன்னால் நின்றது மட்டும், செத்ததையும் சேர்த்துச் சுமந்து நின்றிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அதுவும் எலும்பைத் தின்றுகொண்டு போயிருக்கும்.

அவர் எழுந்திருந்து ஒரு அடி பாடினார். நிறுத்தினார். தலையை இடப்பக்கம் சரித்து நெடுநேரம் காத்திருந்தார்.

"போயிட்டான்," என்றார். கண்ணைத் துடைத்துவிட்டு, "உதைத் தாங்கோ பிள்ளை," என்று தட்டிலிருந்த இம்பிளான்டைக் காட்டினார். கழுவிச் சிறிய உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தவக்காலம் அவர்தான் பாடினார்.

4. கூட்டத்தில் சொன்னது

முடிவுரையைக் கிழித்துவிட்டேன். ஒற்றைக் கிரவுன் தளர்ந்தால் ஆடும்; ஆடினால் ஆள் வந்து முறையிடும். பிறிட்ஜில் ஒன்று செத்தாலும் மற்றது தூக்கிப் பிடிக்கும். இம்பிளான்டுக்கு நரம்பு இல்லை; நோவும் தெரியாது. வலப்பக்கம் வெறுமையாக இருந்ததற்குப் பிறிட்ஜ் நல்லது என்று பொருளில்லை. நான் கழற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் 'ஆடுதோ' என்ற ஒரே கேள்வியால் அளந்தது என் பிழை என்று எல்லோர் முன்னும் சொன்னேன்.

இப்போது இளையவர்களுக்குச் சொல்வது இது: பிறிட்ஜை முழுத்துண்டாக ஆட்டிப் பார்த்து 'நன்று' எழுதாதீர்கள். புது எக்ஸ்றே எடுங்கள். சந்தேகம் வந்தால் கழற்றி ஒவ்வொரு இம்பிளான்டையும் தனியே பாருங்கள். ஆள் சொல்வது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் எழுதிவையுங்கள்.

'நன்று' எழுதிய எல்லோரையும் திரும்ப அழைத்தேன். முதலில் வந்தவர் மானிப்பாயிலிருந்து பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர். ஒரு முறைப்பாடும் இல்லாதவர். பிறிட்ஜில் விரலை வைத்து, 'ஆ' சொல்லி நிறுத்தச் சொன்னேன்.

நிறுத்தினார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு டொக்டர்?" என்று சிரித்தார்.

நான் விரலை எடுக்கவில்லை. அதன் கீழே அந்த நடுக்கம் இன்னும் ஓயவில்லை.