மைக் நயினார்

மைக்கை உள்ளங்கையால் இரண்டு தட்டு, ஒரு செருமல். பிறகு அப்பாண்டைராஜ் ஆரம்பிப்பார்: "கீழ்பென்னாத்தூர் சுப்பிரமணி, எங்க இருந்தாலும் தேரடிப் பந்தலுக்கு ஓடியாங்க. உங்க சம்சாரம் இங்க ஒக்காந்து வேர்க்கடலை தின்னுட்டு இருக்காங்க. அவங்க தொலையலையாம். நீங்கதான் தொலைஞ்சிட்டீங்களாம்."

வீதியே சிரிக்கும். கார்த்திகை தீபத்தன்று காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுவது பதினாறு வருஷம் அவர் வேலை. யாரும் நியமித்ததில்லை. முதல் வருஷம் பந்தலுக்குத் தண்ணீர் குடிக்கப் போனவர், தொண்டர் ஒருவர் ஊர்ப் பெயரைத் தப்பாகப் படிப்பதைப் பொறுக்காமல் மைக்கை வாங்கித் திருத்தினார். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார் என்பாள் தங்கை ராஜமதி.

கூப்பிடுவதோடு விட்டாரா? பிள்ளையைத் தேடி மூச்சிரைக்க வந்த தகப்பனை நிறுத்தி, மைக்கை அணைக்காமலே கேட்பார்: "புள்ள கையைப் பிடிக்கிற கைல இன்னாய்யா வெச்சிருந்த? ஜவ்வு மிட்டாயா?" அந்த மனிதரின் மானம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும்.

மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அவர் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ்ஸில் போய்வரும் விதைக் கிடங்குக் குமாஸ்தா. நயினார் என்று ஊர் கூப்பிடும் சமணக் குடும்பம். அப்பா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, ராஜமதிக்கு எட்டு. தங்கைக்குத் தலை பின்னிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். "கோணல் வகிடா எடுத்து எடுத்து, இன்னிக்கும் என் தலைமுடி நேரா நிக்க மாட்டேங்குது" என்பது அவளுடைய நிரந்தரப் புகார். மனைவி தவறிய பிறகு, அடுத்த போர்ஷனில் குடியிருந்த அந்தத் தங்கை வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

உயிர்க்கொலை கூடாது என்று தரையைப் பார்த்தே நடப்பார். எறும்புக்கு வழிவிட்டு எருமைமேல் மோதிய ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரோடு சரி. தீபத்தன்று ஐந்து மணிக்கே ராஜமதி தூக்கில் சாதம் எடுத்துக்கொண்டு கூட்டத்தில் நீந்தி வருவாள். "இரும்மா, இந்த ஒரு பாப்பாவை அனுப்பிச்சுட்டு வந்துட்றேன்." மலையில் தீபம் ஏறிவிடும். சாதம் அலுங்காமல் வீடு திரும்பும்.

"மைக்குக்குத்தான் வயிறு கிடையாது அண்ணா. உனக்குமா?"

பூக்கடை அப்பாதுரை ஒருமுறை வாயைக் கிளறினார்: "உங்க சாமி வேற, எங்க சாமி வேற. இந்தக் கூட்டத்துல உங்களுக்கு இன்னா வேலை நயினாரே?"

"சாமி எங்கயும் தொலையலப்பா. ஆளுங்கதான் தொலையறாங்க."

எழுபத்தெட்டாம் வருஷ தீபத்தில் ஒரு கிழவியைப் பந்தலில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பெயர் பச்சையம்மாள். மகன் பெயர் அருணகிரி. ஊர்?

"ஊரு மறந்து போச்சு நயினாரே."

உச்சி வேளையிலிருந்து அப்பாண்டைராஜ் அருணகிரியைக் கூப்பிட்டார். நாற்பது தடவைக்குக் குறையாது. ஒவ்வொரு தடவையும் திட்டில் ஒரு சொல் கூடியது. நடுநடுவே கிழவி அவரிடம் கதை பேசினாள். வீட்டிலிருந்த இரண்டு வெள்ளாடுகளின் பெயர், கிணற்றுக்கு எத்தனை படி, சேத்துப்பட்டு பஸ்ஸுக்கு எவ்வளவு டிக்கெட், எல்லாம் துல்லியமாக வந்தது. ஊர் பேர் மட்டும் வரவில்லை.

சாயங்காலம் ராஜமதி தூக்கோடு போய் நின்றபோது, "அருணகிரி, பெத்தவளை..." என்று தொடங்கியவர் கிழவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார். மைக்கை அணைத்தார். பேச்சின் பாதியில் அண்ணன் மைக்கை அணைத்து அவள் பார்த்ததே இல்லை. மகன் தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது ஊர் வாயில் விழக் கூடாதென்றுதான் இவள் மறந்திருக்கிறாள். ராஜமதிக்கு இது புரிய வீடுவரை நடக்க வேண்டியிருந்தது. கூடவே அந்தக் கிழவியும் நடந்து வந்தாள்.

"அண்ணா, கண்டெடுத்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்துட்டா எப்படி?"

"ஒரு வாரம்மா. ஊரு ஞாபகம் வந்தா போயிடப் போறாங்க."

இரண்டரை வருஷம் ஞாபகம் வரவில்லை. வந்த பத்தாம் நாள் கிழவிக்கு வேறொரு ஞாபகம் வந்தது: கருவாடு. அதை அந்த வீட்டுக் கூடத்தில் நின்று வாய்விட்டே கேட்டாள். ராஜமதி காதைப் பொத்திக்கொண்டாள். அப்பாண்டைராஜ் ராத்திரி முழுக்க யோசித்திருக்க வேண்டும். ஞாயிறு தோறும் கிழவிக்குக் குடை பிடித்து அப்பாதுரை வீட்டுக்கு அழைத்துப் போவார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை தெருக்கோடியில், எதிர்த் திசையைப் பார்த்தபடி நிற்பார். வந்ததும் ஒரே கேள்வி: "வாய் கொப்பளிச்சீங்களா?"

"ஆச்சு நயினாரே. உங்களுக்குத்தான் கொடுத்துவைக்கல."

எண்பத்தாறு ஆவணியில் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். முகம் தெரியாத ஆட்களெல்லாம் துக்கத்துக்கு வந்தார்கள். "உங்க அண்ணன் மைக்ல மானத்தை வாங்கினாரே, அந்த ஆளு நான்தாம்மா" என்று ஒருவர் ஏதோ பரிசு வாங்கியவர்போலச் சொல்லி அழுதார். ராஜமதிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவள் மனம் போய் நிற்பது எண்பத்தொன்றாம் வருஷச் சித்திரையில், ஒரு கொதிக்கும் மத்தியானத்தில்.

வாசலில் ஒருவன் வந்து நின்றான். நாற்பது வயதிருக்கும். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, "நயினார் வீடுங்களா?" என்று கேட்டவன் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டான். உள்ளேயிருந்து கிழவி எட்டிப் பார்த்தாள்.

"பூ வாங்கியாரேன்னு போனியேடா அருணகிரி. கெடச்சுதா?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மழை பொய்த்தது, மனைவி படுத்த படுக்கையானது, நாலு பிள்ளைகள், ஒரு வேளைக் கஞ்சி என்று எதையெதையோ துண்டு துண்டாகச் சொன்னான். கிழவி அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "எளைச்சிட்டியேடா, எளைச்சிட்டியேடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் சேத்துப்பட்டு பஸ் ஏறப் போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ராஜமதிக்கு மட்டும் ஆறவில்லை. இரண்டரை வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. ஒரு நிமிஷம் கைவிட்ட தகப்பன்மாரையெல்லாம் ஊரறியத் திட்டிய அண்ணன் இவனை விடப் போவதில்லை. அவர் ஆரம்பிக்கட்டும், நாம் முடித்து வைப்போம் என்று திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கூடத்தில் இல்லை.

வாசலில் இருந்தார். வெறுங்கால் சுட, ஒன்று மாற்றி ஒன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலில் குனிந்து, கொதித்துக் கிடந்த அருணகிரியின் ரப்பர் செருப்புகளை இரண்டு கையாலும் எடுத்து, முருங்கை நிழலில் ஜோடியாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.