எண் இல்லாத ஆறாவது கோடு

என் மேசை இழுப்பறையில் ஒரு டிரேசிங் தாள் இருக்கிறது. அதில் மையால் போட்ட ஐந்து புள்ளிக் கோடுகள், ஒன்றோடொன்று சேராதவை. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்: 74, 131, 212, 88, 83. ஆறாவதாக ஒரு கோடு பென்சிலில் இருக்கிறது. அதன் மேல் எண் இல்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வரைபடம் போட்டவனுக்கு எண் இல்லாத கோடு என்பது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. வாரத்துக்கு இரண்டு முறையாவது எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்களுக்குள், வேங்கிக்காலில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் தன் நிலத்தின் வரைபட நகல் கேட்டு வந்தார். மலைத் தோட்டம் ஒன்றில் தேயிலை மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அவர் மனைவியின் அப்பா விட்டுப்போன பதினோரு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, எடுத்த பிறகு, மார்கழியிலிருந்து ஆடி வரை சும்மா கிடக்கும். அங்கே ஆறு குழி வெட்டி கோல்ஃப் ஆடப் போவதாகச் சொன்னார். மலையில் ஆடிய பழக்கமாம். நான் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு மேடையிலிருந்து பந்தை அடித்து, அது விழுந்த இடத்துக்கு நடந்து, மறுபடி அடித்து, குழியில் தள்ள வேண்டும். பிறகு அடுத்த மேடைக்கு நடக்க வேண்டும் என்று விளக்கினார். எத்தனை காலடி நடக்க வேண்டும் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளில் போய்விட்டேன்.

தலையைக் குனிந்து எண்ணிக்கொண்டு நடந்த என்னைப் பார்த்து, மாடு மேய்த்த ஒரு அம்மா, "இன்னா சார், மல்லாட்ட பொறுக்கறீங்களா? நாங்க பொறுக்கி மாசம் ஒண்ணாச்சு" என்றாள். ஏழு வரை எண்ணியிருந்தேன். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

மேனேஜர் போட்டிருந்த வழி குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. ஒரு குழி முடிந்தால் அடுத்த மேடை நிலத்தின் மறுகோடியில். பந்தோடு நடக்கும் நடை 1,012 அடி. குழிக்கும் அடுத்த மேடைக்கும் இடையே பந்தில்லாமல் நடப்பது 640 அடி. அதற்கு நான் "வீண் நடை" என்று பெயர் வைத்து, ஒரே வாரத்தில் வேறு வழி போட்டேன். எல்லை ஓரமாகவே ஒரு சுற்று. மலையை வலது கைப்பக்கம் வைத்தே நடந்து பழகிய ஊர்க்காரன் என்பதால், யோசிக்காமல் வலமாகப் போட்டிருந்தேன். மேனேஜர் அதில் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். "என் அடி எப்பவும் வலது பக்கமா வளையும். வலமாச் சுத்தினா பந்து என் நிலத்துக்குள்ளயே விழும். இடமாச் சுத்தினா பக்கத்துக்காரன் நெல்லுல போய் விழும்." எனக்கு வியப்பாக இருந்தது. எல்லாவற்றையும்விட, வீண் நடை 94 அடியாகக் குறைந்ததில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட்டேன்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை ஜாஸ்தி. கால் விரலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. புண்ணுக்கென்று தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் நடக்கத்தான் வேண்டும், சர்க்கரை இறங்காவிட்டால் விரல் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோட்டில் நடக்க மனைவிக்குக் கூச்சம். அதனால் குடை பிடித்துக்கொண்டு கணவரோடு இந்த நிலத்தில் நடப்பார். என் புது வழி வந்த மூன்றாம் வாரம் வருவதை நிறுத்திவிட்டார். "காரணம் சொல்ல மாட்டேங்கிறா" என்றார் மேனேஜர். அன்று அவர் அடித்த பந்துகளில் நான்கு நெல்லில் விழுந்தன.

திருத்திய வரைபடத்தைக் கொடுக்கும் சாக்கில் டவுனில் அவர்கள் வீட்டுக்குப் போய், அந்த அம்மாவையே கேட்டேன். காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார்.

"அவரு பந்து அடிக்கும்போது பேசக் கூடாது சார். அடிச்சிட்டு, எங்க விழுந்துச்சுன்னு பார்த்துக்கினே போவாரு, அப்பவும் பேசக் கூடாது. குழியில போட்டுட்டு அடுத்த எடத்துக்குப் போறாரே, அதான் என்னுது. எஸ்டேட்ல இருந்த வரைக்கும் அதுகூட இல்ல. நீங்க அதப் போய் தொண்ணூத்தி நாலாக்கிட்டீங்க."

அவருக்கு அந்த எண் தெரிந்திருந்தது எனக்குத் திகைப்பாக இருந்தது.

"அஞ்சு தடவைக்குத் தொண்ணூத்தி நாலு. ஒரு தடவைக்கு இன்னா வருது, நீங்களே சொல்லுங்க."

"பத்தொன்பதுக்குக் கொஞ்சம் கம்மிங்க."

"பத்தொம்போது அடியில இன்னா சார் பேசறது? 'வெயிலு ஜாஸ்தி'ன்னு சொல்றதுக்குள்ள மேடை வந்துடுது."

அன்று இரவே வழியைப் பிரித்தேன். வலமாகச் சுற்றுவதை விடவில்லை. ஆனால் மேடைகளைத் தள்ளினேன். ஒரு நடை தூர்ந்த கிணற்றைச் சுற்றி, ஒன்று வேப்பமரத்தின் அடியாக. அவற்றை மட்டும் புள்ளிக் கோடாகப் போட்டேன். மொத்தம் 548. மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். "அவகிட்ட கேட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். பென்சிலை எடுத்து, வேப்பமரத்துக் கோட்டை இன்னும் நாற்பது அடி நீட்டினார். 588.

மறு ஞாயிறு குடை வந்தது. அந்தக் கோடைக்குள் புண் ஆறியது, விரல் தங்கியது. மாதம் ஒரு முறை போய் மேடைகள் நகராமல் இருக்கின்றனவா என்று அளந்துவிட்டு வருவேன். புளியமரத்தடியில் அவர்கள் கார் பக்கத்தில் நின்று பார்ப்பேன். குழியில் பந்து விழுந்ததும் குடை மேனேஜர் தலைக்கும் சேர்ந்து சாயும். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மேனேஜர் காலமானார். நிலம் மனையாகிவிட்டது, குழி இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். அந்த அம்மா போன் செய்து, வரைபடத்தின் நகல் ஒன்று கேட்டார். "குழி, மேடை எதுவும் வேணாம் சார். அந்தப் புள்ளிக் கோடு மட்டும் போட்டுக் குடுங்க." தொடக்கமும் முடிவும் இல்லாமல் தொங்கும் கோடுகளை வரைய என் கை தயங்கியது. ஆனாலும் இரண்டு தாளில் வரைந்து எடுத்துப் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை நகர்த்தினார். புண் வந்திருந்த காலைப் பார்த்தேன், ஐந்து விரலும் இருந்தன. பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"ஒண்ணு கொறையுதே சார்."

"இல்லைங்க. ஆறு குழிக்கு இடையில ஐந்துதான்."

"கடைசிக் குழி முடிஞ்சு புளியமரத்துக்கு, கார் வரைக்கும் வருவோமே. அது எங்க?"

ஆட்டம் முடிந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்னை நோக்கி வந்த அந்த நடையை இத்தனை வருஷம் ஒரு தடவைகூட எண்ணவில்லை. இரண்டு தாளிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மேலே எழுத எண் வேண்டியிருந்தது. எத்தனை அடி இருக்கும் என்று அவரையே கேட்டேன்.

"பேசிக்கினு வருவோம் சார். யாரு எண்ணினா?"