மேற்குச் சுவர் ஒயர்

அப்பாவின் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் மேற்குப் பக்கமாக நடந்துபோன அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். பூச்சு உதிர்ந்த அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வெயிலில் சாம்பல் பூத்த ஒரு கறுப்பு ஒயர் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஓடி, பின் மேலேறி மாடி அறையின் ஜன்னலுக்குள் மறைகிறது. அதன் இரு முனைகளிலும் இன்று எதுவும் இல்லை.

"இது இன்னாடா, இப்படி வூட்டயே சுத்திக்கினு போவுது?" என்று கேட்டாள்.

பிராட்பேண்ட் ஒயர் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் பதிலும் இல்லை. மின்னணுவியலில் முனைவர் பட்டம் பெற்று, அதையே கற்பித்தும் வரும் ஒருவன் ஓர் ஒயரைப் பற்றி இவ்வளவு குறைவாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அன்று சொல்லாமல் விட்டதை அவளுக்காக இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுக் கோடை விடுமுறையில் இருந்தேன். இருங்காட்டுக்கோட்டையை ஒட்டிய எங்கள் ஊரில் நிலங்கள் தொழிற்பேட்டைக்குள் போயிருந்தன. வீட்டுக்குப் பின்னால் மிஞ்சிய இடத்தில் அப்பா வரிசையாக அறைகள் கட்டி, தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். காலையில் வண்டியில் தண்ணீர் கேன் போடக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்.

முந்தைய ஆண்டு அக்கா, கம்பெனியில் தன்னோடு ஒரே லைனில் வேலைபார்த்த சாத்தூர்க்காரர் ஒருவரைக் கோயிலில் மணந்துகொண்டு போய்விட்டாள். அவள் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு எதுவும் போடவில்லை. தாம் உச்சரிப்பதை நிறுத்திக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது. கூடத்தில் அவள் படம் மாட்டியிருந்த ஆணியில் ஒரு காலண்டர் வந்தது. படத்தைவிடக் காலண்டர் சிறியது. ஆகையால் அதைச் சுற்றி, சுவரின் பழைய நிறம் ஒரு சட்டம்போலத் தெரிந்துகொண்டே இருந்தது.

அப்பாவிடம் செல்போன் இருந்தது. கூடத்துத் தொலைபேசியால் இனி பயனில்லை, சரண்டர் செய்துவிடலாம் என்று அவர் சொல்லத் தொடங்கிய வாரத்தில்தான், எனக்கு நெட் தேவை என்பதை அம்மா கண்டுபிடித்தாள்.

"நெட்டு இல்லாங்காட்டி படிப்பே ஏறாதாம். டீச்சர் சொல்லிச்சு. நெட்டுக்கு இந்த லைன் வேணுமாம்."

எந்த டீச்சரும் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் கிடைக்கப்போவதைக் கெடுக்க விரும்பாமல் தலையாட்டினேன். ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று வீடு வந்து சேர்ந்தது.

என் குழப்பம் அதன் பிறகு தொடங்கியது. இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேன், போனுக்குப் பக்கத்து மூலையைக் காட்டி, "கம்ப்யூட்டர இங்கயே வச்சிடுங்கம்மா, ஒரு முழம் ஒயர்ல வேல முடிஞ்சிடும்" என்றார்.

"கூடத்துல வாணாம்" என்றாள் அம்மா. தூசி படும் என்றாள். சாமி படத்துக்கு எதிரே திரை இருக்கக் கூடாது என்றாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் தொடுவார்கள் என்றாள்.

"அப்ப எங்கதான் வைக்கறது?"

"மாடியில. கடைசி ரூம்ல."

"இன்னாம்மா, புள்ளைக்கு நெட்டு குடுக்கறியா, வனவாசம் அனுப்பறியா?" என்று சிரித்தார் அவர். ஒரே லைனைப் போனுக்கும் மோடத்துக்குமாகப் பிரிக்கும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தி, மாடி வரைக்குமான ஒயரை நீங்களே இழுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெட் வேண்டும் என்று என்னைவிட அதிகமாகப் போராடியவள் அம்மா. அது போனுக்கு அருகில் வந்துவிடக் கூடாது என்று போராடியவளும் அம்மாவே. இதில் எந்த அம்மாவின் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்நாட்களில் எங்கள் போனுக்கு ராங் நம்பர்கள் நிறைய வரும், பெரும்பாலும் காலை பதினோரு மணி வாக்கில். அம்மா ஓடிவந்து எடுப்பாள். "ம்" என்பாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவாள். யாரென்று கேட்டால், "ராங் நம்பருடா." ராங் நம்பரிடம்கூடச் சாப்பிட்டாயா என்று விசாரிப்பது அவளுடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன். பேசியது அக்கா என்பதும், கம்ப்யூட்டர் கூடத்துக்கு வந்தால் நான் பகல் முழுக்க அந்தப் போனருகிலேயே இருப்பேன் என்பதுதான் தூசிக்கும் சாமி படத்துக்கும் பின்னாலிருந்த காரணம் என்பதும் எனக்குப் புலப்படச் சில ஆண்டுகள் ஆயின. அந்த லைன் போயிருந்தால் அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

ஒயர் இழுக்கும் பொறுப்பை எங்கள் வாடகை அறைகளில் ஒன்றில் குடியிருந்த இரண்டு திருநெல்வேலி அண்ணன்கள் ஏற்றார்கள். காருக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் கற்றையாகச் சேர்த்து டேப் சுற்றும் கம்பெனியில் அவர்களுக்கு வேலை. அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு. காலை முழுவதும் ஓய்வு.

"ஒரு காருக்குள்ள எத்தன ஒயர் ஓடுதுன்னு தெரியுமாலே ஒனக்கு?" என்றார் மூத்தவர். "அதயே கட்டுதோம். ஒங்க வீடு என்ன, மாடி வச்ச காருன்னு நெனச்சுக்க."

கார் என்றே நினைத்துத்தான் கட்டினார்கள். கதவு அசையும் இடத்தில் கொஞ்சம் தொய்வு விட்டார்கள். அடுப்படிச் சூட்டைத் தவிர்த்தார்கள். என்னைப் பரண்மேல் ஏற்றி, ஒயரின் நுனியைப் பல்லில் கவ்வியபடி தவழச் செய்தார்கள். மாடிக்குப் போகும் கரண்ட் ஒயரோடு போன் ஒயரையும் சேர்த்து, ஒரே கற்றையாக, இம்மி பிசகாமல் கறுப்பு டேப் சுற்றினார்கள்.

"ஓனரம்மா, வந்து பாருங்க. ஒயரு இருக்கதே தெரியாது."

உண்மையாகவே தெரியவில்லை. மாடியில் மோடத்தின் பச்சை விளக்கு நிலைக்காமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. நிலைக்கும் என்று காத்திருந்தோம். அப்போது கீழே போன் அடித்தது.

"ஹலோ... ஹலோ..." அம்மாவின் குரல் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது. "கேக்கல. ஒரே இரைச்சலா கீது. கேக்கலடீ!"

படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். ராங் நம்பரை யாராவது 'டீ' போட்டுப் பேசுவார்களா என்று யோசித்தேன். போன் மீண்டும் அடித்தது, மீண்டும் இரைச்சல். மூன்றாம் முறை அடிக்கவில்லை. அம்மா ரிசீவரை வைத்தாள். பிறகு, யாரையும் அதட்டி அறியாத அவள், சுவரிலிருந்த அந்தக் கற்றையை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தாள். டேப்போடு பெயின்ட்டும் உரிந்து வந்தது.

"ஐயோ, கரண்டும்மா! கைய எடுங்க!" என்று கத்திக்கொண்டே இளைய அண்ணன் மெயினை அணைக்க ஓடினார்.

அந்த நேரத்தில் அப்பா வந்தார். பெயர்ந்த சுவரைப் பார்த்தார்; அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"போன் கேக்கல."

"அதுல நமக்கு யாரு பேசப்போறாங்க?"

"யாரோ பேசறாங்க."

"ராங் நம்பர்தான?"

"ராங் நம்பராவே இருக்கட்டும். அதுவும் கேக்கணும் இல்ல?"

என் நெட் அந்த நிமிடத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அப்பா காலண்டர் இருந்த பக்கம் திரும்பிச் சிறிது நேரம் நின்றார். பிறகு அண்ணன்களிடம், "ஏம்பா, எதுனால இரையுது?" என்றார்.

மூத்தவர் தலையைச் சொறிந்தார். "கார்ல ஓடுறது பேட்டரி கரண்டுல்லா, அண்ணாச்சி. எல்லாத்தையும் சேத்துக் கட்டலாம். இது வீட்டுக் கரண்டு. அது பக்கத்துல இது போனா இரையும் போல. நாங்க யோசிக்கல."

"கரண்டே இல்லாத பக்கம் எது கீது இந்த வூட்ல?"

"மேக்குச் சுவருதான். ஆனா வெளிய போயி சுத்தி வரணும். வெயில்ல ஒயரு சூடாயி காஞ்சுபோவும். நெட்டும் மெதுவாத்தான் வரும், பாத்துக்கிடுங்க."

"நெட்டு மெதுவா வரட்டும்" என்றார் அப்பா.

யாருக்காக வாங்கிய நெட் இது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அண்ணன்கள் கிளம்பினார்கள். அப்பா சாப்பிடவில்லை. ஏணியைச் சாத்தித் தாமே ஏறினார். மேற்குச் சுவரில் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. நான் பிடித்திருந்த இரும்பு ஏணி கையைச் சுட்டது. அவர் ஒவ்வோர் ஆணியாக அடித்து, ஒயரை நசுக்காமல் பொருத்தி, பொழுது சாயும்வரை நகர்ந்துகொண்டே இருந்தார். அவர் இறங்கியதும் மோடத்தைப் பார்க்க மாடிக்கு ஓடினேன். விளக்கு நிலையாக எரிந்தது. அதைச் சொல்லக் கீழே வந்தபோது அப்பா கூடத்தில், நெடுநாள் தொடாத அந்த ரிசீவரைக் காதில் வைத்து, வெறும் டயல்டோனைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வைத்தார்.

"நல்லா கேக்குது" என்று அடுப்படியைப் பாராமல் சொன்னார்.

"ம்" என்றது அடுப்படி.

அந்த விடுமுறையில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அப்பா சில நாட்கள் முற்பகலிலேயே வீடு திரும்பத் தொடங்கினார். முன்பெல்லாம் அவர் இருக்கும்போது ராங் நம்பர் வந்தால் அம்மா உடனே வைத்துவிடுவாள். இப்போது மணி அடித்ததும் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். அம்மா பேசி முடிக்கும்வரை உள்ளே வரமாட்டார்.

ஒருநாள், எங்கேதான் போகிறார் என்று பார்க்கப் பின்னாலேயே போனேன். மேற்குச் சுவரோரம் நின்றிருந்தார். கையை உயர்த்தி, அந்த ஒயரை இரண்டு விரல்களுக்கு நடுவே, நாடி பார்ப்பதுபோல மெல்லப் பிடித்திருந்தார். உள்ளே அம்மா ஏதோ சொல்லிச் சிரிப்பது ஜன்னல் வழியாக லேசாகக் கேட்டது. வெயிலில் ஒயர் சூடாகும் என்று மூத்த அண்ணன் அன்று எச்சரித்தது எனக்கு நினைவு வந்தது.

"இன்னாப்பா, ஒயரு சூடாவுதா?"

அவர் கையை எடுக்கவில்லை.

"ம். கொஞ்சம்" என்றார்.

ஒயருக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்ற கவலையோடு மாடிக்கு ஓடினேன். அப்போது மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. மேற்குச் சுவரில் வெயில் விழ இன்னும் வெகுநேரம் இருந்தது.